அப்பாவை வீட்டிலிருந்தே கண்காணிக்கும் திட்டத்தில் சேர்த்த கதை

அப்பாவுக்கு இதயச் செயலிழப்பு. ரத்தத்தைத் தள்ளும் வலு குறைந்ததால் உடம்பில் நீர் சேர்ந்துகொண்டே இருக்கும். இதயத் துடிப்பு ஆபத்தாகத் தடுமாறினால் மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் ஐசிடி கருவியும் நெஞ்சில் உண்டு. டிஸ்சார்ஜ் சமயத்தில், எடை, பிபி, ஐசிடி தகவல்களை வீட்டிலிருந்தபடியே அனுப்பி, மருத்துவமனையினர் கண்காணிக்கும் திட்டத்தில் சேர்கிறீர்களா என்று கேட்டார்கள். கையெழுத்துப் போடுமுன் நான் கேட்டது ஒன்றுதான்: நாங்கள் அனுப்புவதை யார் பார்ப்பார்கள், எப்போது?

காரணம் இருந்தது. 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோயாளிகள் தினமும் தானியங்கிக் குரலுக்கு ஃபோனில் பதில் சொன்னார்கள். வழக்கமான சிகிச்சையைவிடப் பெரிய பலன் தெரியவில்லை. 2018இல் வெளியான ஜெர்மன் ஆய்வில் மருத்துவர்களும் நர்ஸ்களும் 24 மணி நேரமும் மறுமுனையில் இருந்தார்கள். மருத்துவமனையில் கழியும் நாட்கள் குறைந்தன, இறப்பும் குறைந்தது. நோயாளிகளும் திட்டமும் வேறு வேறு, நேராக ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் கருவியைவிட மறுமுனையில் இருக்கும் ஆள்தான் முக்கியம் என்று எனக்குப் பட்டது.

வார நாட்களில் காலையில் ஒரு நர்ஸ் பார்ப்பார், இரவிலும் விடுமுறையிலும் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று ஒளிக்காமல் சொன்னார்கள். அப்போதே முடிவு செய்துகொண்டோம்: நெஞ்சுவலி, மயக்கம், திடீர் மூச்சுத்திணறல் என்றால் மெஷினைத் தொடவே கூடாது, நேராக ஆம்புலன்ஸ்தான்.

ஐசிடிக்கான பெட்டியைக் கட்டிலருகே வைத்து பிளக்கில் செருகியதோடு வேலை முடிந்தது. அப்பா தூங்கும்போது அது தானாகத் தகவல் அனுப்பிவிடும். அவருக்குத்தான் சந்தேகம்: "இது வழியா யாராவது என் கருவியை ஆஃப் பண்ணிட முடியுமா?" நர்ஸ் சிரிக்கவில்லை. "இல்லைங்கய்யா, இந்தப் பெட்டி படிச்சு அனுப்பும், அவ்வளவுதான்." ஃபோனைச் சட்டைப் பையில் வைக்கக் கூடாது, கருவியிலிருந்து 15 செ.மீ. தள்ளியே இருக்கட்டும் என்றும் சொன்னார்.

எடை மெஷினோடுதான் மல்லுக்கட்டு. காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன், ஏறத்தாழ ஒரே மாதிரி உடையில், கெட்டியான தரையில் ஏற வேண்டும். மெஷினைக் கால்மிதி மேல் வைத்தால் கணக்கு மாறிவிடும். ஒருநாள் பேரன் ஏறி நிற்க, அவன் எடை அப்பா பெயரில் போய்விட்டது. "ஐயா நல்லா இருக்காரா?" என்று பதறிக்கொண்டு ஃபோன் வந்தது. பரவாயில்லை, யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தது.

பிபி பார்க்க 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, கையை இதய மட்டத்தில் வைத்து, பேசாமல் இருக்க வேண்டும். கடைசி நிபந்தனை அப்பாவுக்கு இன்றுவரை கைகூடவில்லை.

3 நாளில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் உடனே சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குத் தந்த கணக்கு. ஒருமுறை அப்படியே கூடியது. அப்பாவோ "எனக்கு ஒண்ணுமில்லை" என்றார். நர்ஸ் எண்ணை விட்டுவிட்டு வேறு கேட்டார்: ராத்திரி எத்தனை தலையணை வைக்கிறார்? செருப்பு இறுக்குகிறதா? கணுக்காலை விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தினேன், விரலை எடுத்தபிறகும் குழி அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டியதால் தலையணையும் ஒன்று கூடியிருந்தது, நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. மருத்துவர் நீர் மாத்திரையைச் சில நாட்களுக்குக் கூட்டி, சிறுநீரகத்துக்கும் பொட்டாசியத்துக்கும் ரத்தப் பரிசோதனை எழுதினார். அட்மிட் ஆகாமலே எடை இறங்கியது.

ஸ்மார்ட் வாட்ச் வாங்கச் சொல்லிப் பலர் வந்தார்கள். சீரற்ற துடிப்பை அது காட்டிக்கொடுக்கலாம், ஆனால் மாரடைப்பு இல்லை என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. நாங்கள் வாங்கவில்லை.

இப்போது வெளியூர்ப் பயணம் ஒன்று இருக்கிறது. கட்டிலருகே உள்ள பெட்டியைக் கூடவே எடுத்துப் போகலாம், கிளம்புமுன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்றார் நர்ஸ். எடை மெஷினை யார் தூக்குவது என்று வீட்டில் பேச்சு நடக்கிறது.