தான்சானியாவில் யாருக்கு ஓட்டுப் போடுவது?

2025 அக்டோபர் 29 தேர்தலை நினைத்தால் இன்னும் ஆறவில்லை. சீர்திருத்தம் செய்யாமல் தேர்தல் கூடாது என்று பிரதான எதிர்க்கட்சியான சடேமா போராடியது. தேர்தல் நடத்தை விதிகளில் கையெழுத்துப் போடவில்லை என்று சொல்லி ஏப்ரலிலேயே அதைத் தேர்தலிலிருந்து ஒதுக்கிவிட்டார்கள். அதன் தலைவர் துண்டு லிசு மீது தேசத்துரோக வழக்கு, சிறை. 2017இல் 16 குண்டுகள் பாய்ந்தும் பிழைத்து வந்த மனிதர் அவர்! சரி, இன்னொரு கட்சியான ஏசிடி வசலெண்டோ? அதன் அதிபர் வேட்பாளரையும் தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள்.

வாக்குச்சீட்டில் இடமில்லாத கோபம் நாட்டின் பெரிய நகரமான தார் எஸ் சலாம் தெருக்களில் வெடித்தது. இளைஞர்கள் அதிபரின் பேனர்களைக் கிழித்தார்கள், டயர்களைக் கொளுத்தினார்கள். பதிலுக்குக் கண்ணீர்ப்புகை, துப்பாக்கிச்சூடு, மாலை 6 மணிக்கே ஊரடங்கு. இணையத்தையும் முடக்கினார்கள். அப்புறம் அதிபர் சாமியா சுலுஹு ஹசனுக்கு 98 சதவீத வாக்குகள் என்று அறிவிப்பு வந்தது. பதவியேற்பு நடந்தது தலைநகர் டொடோமாவில், ராணுவ மைதானத்தில், பொதுமக்கள் இல்லாமல்.

நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டதாகத் தகவல்கள் வந்திருப்பதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சொன்னது. மருத்துவமனைகளிலிருந்து உடல்கள் அகற்றப்பட்டதாகவும் சொன்னது. அந்த உடல்கள் எங்கே என்று பெற்றவர்களுக்கு அரசு சொல்லியே ஆக வேண்டும்.