டப்பாவில் மிச்சம் 19

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். மாத்திரையை விட்டவர்களிடம் "ஏன் விட்டீங்க" என்று கேட்டால் பதில் வராது, தலைதான் குனியும். நேற்று வந்த அக்கா டப்பாவை மேசையில் கவிழ்த்தார், 30-இல் 19 அப்படியே கிடக்கிறது. "ராத்திரி ஒரே ஒரு மாத்திரைதானேக்கா?" என்றேன். ரொம்ப நேரம் கழித்து, "எங்கப்பா குடிச்சிட்டு வர்ற நேரம்மா அது, விளக்கை அணைச்சா இன்னமும் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்ச மாதிரியே இருக்கு" என்றார். வயது நாற்பத்தைந்துக்கு மேல். அப்பா செத்தே இருபது வருஷம் ஆகிறதாம்!

சிடி4 (எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை), வைரல் லோடு (ரத்தத்தில் கிருமியின் அளவு) எல்லாம் எழுத அட்டையில் இடம் இருக்கிறது, இதை எங்கே எழுதுவது?

வேலூருக்கும் இந்த நோய்க்கும் பழைய தொடர்பு. 1986-இல் சென்னையில் எடுத்த ரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது இங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் செய்த பரிசோதனையில்தான். அன்று மருந்தில்லை. இன்று இலவசமாகவே கிடைக்கிறது, ஆனாலும் விழுங்க முடியவில்லை என்றால் மருந்தை மட்டும் பார்த்துப் பயனில்லை.

சரி, உடனே செய்ய முடிந்தது ஒன்றுதான். பழைய மாத்திரையை ராத்திரி போடச் சொன்ன பழக்கத்தில்தான் பலர் இன்னும் இருக்கிறார்கள், இப்போது தரும் டோலுடெக்ராவிர் மாத்திரையைக் காலையிலேயே போடலாம். டாக்டரிடம் கேட்டு மாற்றினோம். விடியற்காலை பூ கட்ட உட்காரும்போது போட்டுக்கொள்கிறாராம். மனநலப் பிரிவுக்கும் சீட்டு எழுதியாச்சு, "கூட வர்றியாம்மா" என்று கேட்டிருக்கிறார். செவ்வாய்க்கிழமை போகிறோம்.