வலது 7

மார்ச் 3
வலது 7, இடது 15. கண் அழுத்தம் ஏறினால்தான் ஆபத்து என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மார்ச் 4
தூக்கமே இல்லை. அந்த 7தான். டாக்டர் தாளில் வரைந்து காட்டினார். கண்ணுக்குள் நிமிடத்துக்கு 2, 3 மைக்ரோலிட்டர் நீர் சுரக்கிறது. கருவிழி ஓரத்துச் சல்லடை வழியாகத்தான் அது ரத்தத்தில் போய்ச் சேர வேண்டும். எனக்கு விழித்திரையில் கிழிசல். நீர் அதில் புகுந்து திரையை உரித்துக்கொண்டு அடியில் தேங்குகிறது. அங்கே இருக்கும் நிறமிப் படலம் சும்மா இருப்பதில்லை, வந்த நீரையெல்லாம் பின்பக்க ரத்தக்குழாய்களுக்கு இறைத்துவிடுகிறது. அதனால்தான் அழுத்தம் இறங்கிவிட்டது. ஆனால் கிழிசல் திறந்திருக்கும்வரை எவ்வளவு இறைத்தாலும் தீராதாம். கண்ணை மூடினால் என் கண் பின்வழியாக வடிந்துபோவது போலவே இருக்கிறது.

மார்ச் 5
திரை உரிந்ததால் விழுந்த நிழல் நடுப்பார்வைக்கு வந்துவிட்டது. நாளைக் காலை ஆபரேஷன்.

மார்ச் 7
குப்புறப் படுத்தே இருக்கிறேன். மூக்கு நுனியிலிருந்து நீர் சொட்டித் தரையில் சின்ன வட்டமாகக் காய்கிறது. பார்வைக்கு நடுவே கறுப்பு விளிம்போடு, ஆபரேஷனில் கண்ணுக்குள் விட்ட வாயுக் குமிழி, தலையை அசைத்தால் தளும்புகிறது. லேசர் தழும்பு இறுகும்வரை கிழிசலை இதுதான் அடைத்துக்கொண்டிருக்கிறது. ஜூல் கோனன் என்ற சுவிஸ் மருத்துவர், கிழிசலைத் தேடி மூடினால் திரை ஒட்டும் என்று நிரூபிக்கும்வரை, வாரக்கணக்கில் படுக்கவைப்பதுதான் வைத்தியமாம். அந்த மனிதருக்கு நன்றி.

மார்ச் 8
கழுத்து வலி. வேறொன்றும் இல்லை.

மார்ச் 9
வலது 19! வாயு விரிந்தால் ஏறும், சொட்டு மருந்தை நிறுத்தாதீர்கள் என்றார் டாக்டர். விமானம், மலை இரண்டும் கூடாது. திரைக்கு அடியில் கொஞ்சம் நீர் மிச்சம் இருக்கிறதாம். "கிழிசல் அடைபட்டாச்சு, இனி படலமே இறைச்சிடும்." அன்று என்னைத் தூங்கவிடாமல் பயமுறுத்திய அதே இறைப்புதான். அப்புறம் நெடுநேரம் அழுதேன்.

மார்ச் 10
இறை.

மார்ச் 14
உட்கார்ந்தால் குமிழியின் கோடு பாதிக்குக் கீழே இறங்கியிருக்கிறது. அதற்கு மேலே, தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பது போல, ஜன்னல். வாயு ரத்தத்தில் கரையக் கரைய, அந்த இடத்தைக் கண்ணே தன் நீரால் நிரப்பிக்கொள்கிறது.

மார்ச் 17
வலது 14. மூன்று முறை கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

மார்ச் 19
குமிழி மிளகளவு. கதவுச் சட்டம் நடுவில் இன்னும் வளைந்துதான் தெரிகிறது. இடது கண்ணைப் பொத்தி, விட்டு, மறுபடி பொத்திப் பார்த்தேன். நேற்றைவிடக் கொஞ்சம் குறைவு.