புடவைக் கரையும் பூக்கடையும் சொல்லித் தரும் வீட்டு அலங்காரம்

வீட்டை அழகுபடுத்த யோசனை கேட்பவர்களிடம், கைப்பேசியில் படங்களைத் தேடும் முன் பீரோவைத் திறந்து, மனதுக்கு மிகவும் பிடித்த புடவை ஒன்றை எடுத்துக் கட்டிலில் முழுவதுமாக விரித்துப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். நிறங்களைத் தேர்ந்தெடுப்பது எளிது. எந்த நிறம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதுதான் கடினம். அந்தக் கணக்கை நம் நெசவாளர்கள் எப்போதோ போட்டு வைத்துவிட்டார்கள். உடல் முழுவதும் அடக்கமாக ஒரு நிறம், அதைத் தாங்கிப் பிடிக்க எதிர் நிறத்தில் கரை, வேலைப்பாடு அனைத்தும் திரண்டு நிற்கும் முந்தானை. முந்தானையின் செழிப்பு புடவை முழுவதும் பரவியிருந்தால் கண் எதிலும் நிலைக்காது. ஓர் அறைக்கும் இதே அளவு பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம்.

மதுரையில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் கூடத்தை, அம்மாவின் கண்டாங்கிச் சேலை ஒன்றைப் பார்த்துத்தான் அமைத்தேன். காரைக்குடிப் பகுதியில் நெய்யப்படும் இந்தப் பருத்திச் சேலைக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அம்மாவுடையது கடுகு மஞ்சள் உடல். அதன்மேல் மெல்லிய கறுப்புக் கட்டங்கள். கீழே கையகலத்துக்கும் மேலான அரக்குச் சிவப்புக் கரை. வாடகை வீடு என்பதால் சுவரின் நிறத்தை மாற்ற முடியாது, ஆணி அடிக்கவும் அனுமதியில்லை. ஆகவே மஞ்சளைத் திரைச்சீலைகளுக்குக் கொடுத்து, அவற்றின் அடிப்பகுதியில் அரக்குத் துணியை அகலமான கரையாக வைத்துத் தைக்கச் சொன்னேன். கறுப்பைச் சேலையில் இருப்பதைப் போலவே ஒல்லியாக மட்டும் வைத்துக்கொண்டேன்: அலமாரி மேல் சாய்த்து வைத்திருக்கும் படங்களின் சட்டம், நிலைவிளக்கின் தண்டு, அவ்வளவுதான். அந்த மெல்லிய கறுப்பு இல்லையென்றால் மஞ்சளும் சிவப்பும் ஒன்றையொன்று முந்தப் பார்க்கும். அது இருக்கும்போது இரண்டும் தத்தம் இடத்தில் அமைதியாக நிற்கின்றன.

நிறத்தின் அளவைப் பூக்கடையிலும் படிக்கலாம். மாலையில் கதம்பம் கட்டுபவரின் விரல்களைச் சற்று நின்று கவனியுங்கள். மல்லிகை மொட்டுகளை இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்து நாரைச் சுற்றி இறுக்கிக்கொண்டே வருபவர், சில கண்ணிகளுக்கு ஒருமுறை கனகாம்பரத்தைச் சேர்க்கிறார். அதன் பக்கத்தில் மரிக்கொழுந்தைக் கிள்ளி வைத்து இறுக்கிவிட்டு மறுபடியும் வெள்ளைக்குத் திரும்பிவிடுகிறார். பச்சை அருகில் வந்தவுடன் மல்லிகை இன்னும் வெளுப்பாகத் தெரிகிறது. ஆரஞ்சு குறைவாக இருப்பதாலேயே அது தூரத்திலிருந்தும் கண்ணில் படுகிறது. எங்கள் படுக்கையறையின் வெள்ளைச் சுவரும் வெள்ளை விரிப்பும் முன்பு மருத்துவமனையை நினைவூட்டின. இப்போது அங்கே கனகாம்பர நிறத்தில் தலையணை உறைகளும் சன்னலோரம் ஒரு மணிபிளாண்ட் தொட்டியும் மட்டும் புதிதாக வந்திருக்கின்றன. வேறு எதுவும் தேவைப்படவில்லை.

தரையைப் பற்றி எனக்குப் புரிய வைத்தது ஆத்தங்குடி. காரைக்குடிக்கு அருகில் இருக்கும் அந்த ஊரில் தரையில் பதிக்கும் பூக்கற்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் வடிவத்துக்கான தகட்டு அச்சை இறக்கி, நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் அச்சின் ஒவ்வொரு கட்டமாக ஊற்றுகிறார்கள். அச்சை மெதுவாகத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. அதன் மேல் சிமெண்டும் மணலும் சேர்த்து நிரப்பி, தேய்த்துச் சமப்படுத்தி, இறுகிய பின் தண்ணீரில் ஊற வைத்து உலர்த்துகிறார்கள். சூளையே கிடையாது, கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருகிறது. கையால் ஊற்றப்படுவதால் ஒரு பூவைப் போல் அடுத்த பூ அச்சு அசலாக அமைவதில்லை, அந்தச் சிறு வேறுபாட்டினால்தான் தரைக்கு உயிர் வருகிறது. செட்டிநாட்டு வீடுகளில் இந்தக் கற்களைப் பதித்த விதத்தைப் பாருங்கள்: நடுவில் எவ்வளவு பூ வேலைப்பாடு இருந்தாலும் சுவரோரமாகத் தனி பார்டர் கற்கள் ஓடி அதை நிறுத்திவிடும். வாசலில் கோலம் போட்டு முடித்தபின் சுற்றிலும் காவி இழுப்பதும் இதற்காகவே. ஓரம் கட்டியவுடன் நடுவில் இருப்பதற்கு ஒரு முழுமை வந்துவிடுகிறது. எங்கள் கூடத்தில் வெளிர் நிற விட்ரிஃபைடு தரைதான். அதை மாற்றவும் முடியாது. கரும்பச்சைக் கரை வைத்த பத்தமடைக் கோரைப்பாயை நடுவில் விரித்ததும், நாற்காலிகள் அதைச் சுற்றித் தாமாகவே இடம் பிடித்துக்கொண்டன.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில், இடிக்கப்பட்ட வீடுகளின் நிலைகளும் தூண்களும் சாய்த்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனத்துவிடும். ஒரு தேக்குத் தூணை அறுத்து விளக்குத் தண்டாக்கி வரவேற்பறையில் நிறுத்துவதைவிட, அந்த வீட்டில் வெளிச்சம் முற்றத்திலிருந்து எப்படி உள்ளே வந்தது, திண்ணை எந்த உயரத்தில் இருந்தது என்று கவனித்துக்கொண்டு வருவது நமக்கும் பயன்படும், அந்த வீட்டுக்கும் மரியாதையாக இருக்கும்.

வெளிச்சத்தைப் பற்றிப் பலரும் கடைசியாகத்தான் யோசிக்கிறார்கள். கோவில் சன்னதியில் எண்ணெய் விளக்கொளியில் பித்தளையும் பட்டும் குங்குமமும் எவ்வளவு ஆழமாகத் தெரிகின்றன என்று நினைத்துப் பாருங்கள். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள், எண் குறைந்தால் மஞ்சள் சாயல், கூடினால் நீலச் சாயல். சுடரின் ஒளி 2,000 கெல்வினுக்கும் குறைவு. நம் வீடுகளில் வழக்கமாக மாட்டப்படும் வெள்ளை எல்.இ.டி. விளக்குகளின் பெட்டியில் 6500 என்று அச்சிட்டிருக்கும். அந்த நீலம் கலந்த வெளிச்சத்தில் அரக்கும் கடுகு மஞ்சளும் சோர்ந்துபோகின்றன. படிக்கும் மேசைக்கு அதையே விட்டுவிட்டு, கூடத்துக்கு மட்டும் 2700 அல்லது 3000 என்று குறிப்பிட்ட வார்ம் ஒயிட் விளக்குகளை வாங்குங்கள். துணிகளுக்குச் செலவிடும் தொகையில் சிறு பங்குகூட ஆகாது. ஆனால் மாற்றம் அன்று மாலையே தெரியும்.

அடுத்து பால்கனிக்குப் பவானி ஜமக்காளம் ஒன்று வாங்க எண்ணியிருக்கிறேன். சிவப்பும் நீலமும் பச்சையும் பட்டை பட்டையாக ஓடும் அதன் துணிவு எனக்கு மிகவும் பிடிக்கும். சுற்றிலும் சாம்பல் நிறக் கட்டடங்களே தெரியும் இடத்தில் அந்தத் துணிவு தேவைதான். பால்கனி ஒடுங்கி நீண்டிருப்பதால் பட்டைகள் குறுக்காக விழும்படி இருக்க வேண்டும், நீளவாக்கில் ஓடினால் அது இன்னும் குறுகலாகத் தெரியும் என்று நினைக்கிறேன். அளவை எடுத்து வைத்துவிட்டேன். வெயில் மேற்கிலிருந்து நேராக அடிப்பதால் சாயம் எவ்வளவு தாங்கும் என்பதைக் கடையில் விசாரித்த பிறகு வாங்க வேண்டும்.