ஹோ சி மின் தெருவிலிருந்து சிங்கூர் வரை

கொல்கத்தாவில் அமெரிக்கத் துணைத் தூதரகம் இருக்கும் தெருவுக்கு ஹோ சி மின் சரணி என்று பெயர். முன்பு ஹாரிங்டன் தெரு. வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த 1960களின் கடைசியில், கம்யூனிஸ்டுகள் இருந்த ஐக்கிய முன்னணி ஆட்சி வேண்டுமென்றே மாற்றிய பெயர் அது. தூதரகத்துக்குக் கடிதம் போடுகிற எவரும் உறை மேல் ஹோ சி மின் பெயரை எழுதித்தான் ஆக வேண்டும். இந்தக் குசும்புக்காகவே அங்கே முதலில் போனேன். வாசல் காவலர் படம் எடுக்க விடவில்லை. தெருமுனைக்கு வந்து பெயர்ப் பலகையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கூடவே வந்தவர் என் நண்பனின் அப்பா. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். நண்பனின் தோழர்கள் எல்லோரும் கூப்பிடுவது போல நானும் அவரைக் காக்கு என்றே கூப்பிட்டேன். மேற்கு வங்கத்தில் இடது முன்னணி 1977 முதல் 2011 வரை, தொடர்ந்து ஏழு சட்டமன்றத் தேர்தல்களில் வென்று ஆண்டதே, அந்த 34 வருடத்தையும் முழுதாகப் பார்த்தவர். ஜோதி பாசு மட்டுமே 23 வருடம் முதல்வர். ஓட்டு வாங்கி இவ்வளவு காலம் ஆண்ட கம்யூனிஸ்டுகள் உலகில் வேறெங்கும் இல்லை.

காக்குவின் வீடு ஜாதவ்பூர் பக்கம், பிஜய்கரில். பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் காலி நிலங்களில் தாங்களாகவே குடிசை போட்டு உருவாக்கிய காலனிகள் இந்தப் பக்கம் நிறைய. காலி செய்யச் சொல்லி வந்த போலீசுக்கு எதிராக நின்றவர்களில் முக்கியமானவர்கள் கம்யூனிஸ்டுகள். 1953இல் டிராம் கட்டணம் ஒரு பைசா ஏறியதற்கு நகரமே கொதித்தது. 1959இல் அரிசிக்காகப் போராடியவர்கள் அடிபட்டுச் செத்தார்கள். கட்சி வளர்ந்தது இப்படித்தான் என்றார் காக்கு. "எங்க அம்மா மார்க்ஸைப் படிச்சதில்ல. வீட்டை இடிக்க வந்தப்ப யார் பக்கத்துல நின்னாங்கன்னு மட்டும் தெரியும்."

சொல்லிவிட்டு, நான் கேட்காமலே மரிச்ஜாப்பிக்கு வந்துவிட்டார். மத்திய இந்தியாவின் தண்டகாரண்யத்தில் குடியமர்த்தப்பட்டிருந்த அகதிகள் மரிச்ஜாப்பி என்ற சுந்தரவனத் தீவுக்குத் திரும்பி வந்து குடியேறினார்கள். 1979இல் அவர்களை முற்றுகையிட்டுத் துரத்தியது இதே இடது அரசுதான். அகதிகளால் வளர்ந்த கட்சி. இறந்தவர்களின் கணக்கில் இன்று வரை சண்டை ஓயவில்லை.

காலேஜ் தெரு காபி ஹவுஸைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்கிறேன். தொழிலாளர் கூட்டுறவு நடத்துகிற இடம், தலைப்பாகை கட்டிய சர்வர்கள், இன்ஃபியூஷன் என்கிற பால் இல்லாத காபி சுமார்தான். அதே தெருவில் உள்ள இடதுசாரிப் புத்தகக் கடைகள்தான் எனக்கு முக்கியம். நம் ஊர் நியூ செஞ்சுரி புக் ஹவுஸில் சோவியத் கதைப் புத்தகங்களைச் சில ரூபாய்க்கு வாங்கி வளர்ந்தவர்களுக்கு அந்த வாசனை தெரியும்.

மறுநாள் ஹவுராவிலிருந்து தாரகேஸ்வர் லோக்கலில் ஏறினோம். சேவ்ராபுலியில் கிளை பிரிந்து வண்டி வயல்களுக்குள் போகிறது. ஜால்முரி என்கிற காரப் பொரி விற்பவர் எங்கள் பெட்டியை விட்டு இறங்கவே இல்லை.

ஹூக்ளி மாவட்டத்தை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1978இல் தொடங்கிய ஆபரேஷன் பர்காவின் வேலைமுறை உருவானது இந்த மாவட்டத்து ஹாலுசாய் கிராமத்தில்தான். பர்கா என்பது நம் ஊர் வாரக் குத்தகை. வாரத்துக்கு உழுபவருக்கு உரிமை உண்டென்று சட்டம் ஏற்கனவே சொன்னது. ஆனால் பதிவேட்டில் பெயர் இருக்காது. பெயர் எழுதப் போனால் நிலக்காரர் அடுத்த பருவம் நிலத்தைத் தர மாட்டார். ஹாலுசாய் முகாமில் அதிகாரிகள் உழுகிறவர்களையே உட்கார வைத்துப் பேசவிட்டார்கள். தனித்தனியாகப் போனால் பயம், கூட்டமாக, எங்கள் ஊரிலேயே, வேலை முடிந்த சாயங்காலம் வாருங்கள் என்று உழுகிறவர்கள் சொன்னார்களாம். அப்புறம் அதுவே நடைமுறை ஆயிற்று. நிலக்காரர் வீட்டுத் திண்ணைக்குப் போகாமல் உழுபவர்கள் இருக்கும் இடத்துக்கே போய், பெயரை ஊரறியப் படித்துப் பதிந்தார்கள். சுமார் 14 லட்சம் வாரதாரர்கள் பதிவானார்கள். விதை, உரம், மாடு எல்லாம் உழுபவருடையது என்றால் விளைச்சலில் முக்கால் பங்கு அவருக்கு. உச்சவரம்புக்கு மேலிருந்த 10 லட்சம் ஏக்கருக்கும் அதிகமான நிலம் நிலமற்றவர்களுக்குப் போனது. 1978இலேயே கட்சிச் சின்னங்களோடு பஞ்சாயத்துத் தேர்தலும் நடந்தது.

கூலி உயர்வுப் போராட்டத்தின் நடுவே 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்ததைக் கேட்டு வளர்ந்த எனக்கு, ஒரு அரசாங்கமே உழுபவன் வாசலுக்கு வந்து பெயர் எழுதியது சாதாரண விஷயமாகத் தெரியவில்லை. அதற்காக மற்றதை மறைக்கவும் முடியாது. பஞ்சாயத்து வந்ததோடு கட்சியும் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வந்தது. வரப்புத் தகராறு, அண்ணன் தம்பி சண்டை, பெண்ணை அழைத்துப் போன பையன் என எல்லாம் கட்சியின் லோக்கல் கமிட்டிக்குப் போகும். ஆசிரியர் வேலைக்கும் அங்கே ஒரு வார்த்தை வேண்டும் என்றார் காக்கு. "உனக்கு?" என்று நான் கேட்கவில்லை. அவராகவே ஜன்னல் பக்கம் திரும்பி, "எனக்கும்தான்" என்றார். 1980களின் தொடக்கத்தில் அரசு தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலத்தை நிறுத்தியபோது அவர் பணியில் இருந்தார். தன் மகனை மட்டும் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தார். கட்சிக்காரர்கள் பலரும் அதையேதான் செய்தார்களாம்.

சிங்கூர் ஸ்டேஷனில் இறங்கி டோட்டோ பிடித்தோம். பேட்டரி ரிக்‌ஷாவுக்கு இங்கே அதுதான் பெயர். கோபால்நகர், பேராபேரி, பாஜேமேலியா என்று ஊர்களைக் காட்டிக்கொண்டே ஓட்டினார். துர்காபூர் எக்ஸ்பிரஸ்வேயை ஒட்டிய 997 ஏக்கர். 2006இல் 294 இடங்களில் 235ஐ வென்ற தெம்பில், ஜோதி பாசுவுக்குப் பின் முதல்வரான புத்ததேவ் பட்டாச்சார்யாவின் அரசு டாட்டாவின் நானோ காருக்காகக் கையகப்படுத்திய நிலம். நியாயமான ஆசைதான். ஹூக்ளிக் கரை நெடுக மூடிய ஆலைகள், படித்த பையன்களுக்கு வேலை இல்லை. ஆனால் நெல்லும் உருளைக்கிழங்கும் விளைகிற மண்ணைக் கேட்டார்கள், நிறையப் பேர் கொடுக்க மறுத்தார்கள்.

என்னை உறுத்தியது நஷ்டஈட்டுக் கணக்கு. பதிவான வாரதாரருக்கு நில விலையில் 25 சதவீதம். பதிவாகாதவருக்கு ஒன்றும் இல்லை. விட்டுப்போன பெயர்களைத் தேடி 1978இல் ஊர் ஊராகப் போன அதே ஆட்சி, 2006இல் பதிவேட்டில் பெயர் இல்லையே என்று கையை விரித்தது. வீழ்ச்சிக்கு ஊழல், சோம்பல், அடாவடி என்று பல காரணம் சொல்கிறார்கள். எனக்கு இந்த ஒரு கணக்கே போதும்.

இந்த நில எடுப்பை எதிர்த்து, திரிணாமுல் கட்சியின் மம்தா பானர்ஜி உண்ணாவிரதம் இருந்தது கொல்கத்தாவின் எஸ்பிளனேடில், லெனின் சிலை நிற்கிற அதே வட்டாரத்தில். 2007 மார்ச் 14 அன்று, இதே போல நில எடுப்பை எதிர்த்த நந்திகிராமில் போலீஸ் சுட்டு 14 பேர் செத்தார்கள். 2008 அக்டோபரில் நானோ குஜராத்துக்குப் போயிற்று. 2011இல் இடது முன்னணிக்குக் கிடைத்தது 62 இடம், 2021இல் சுழியம்.

உச்ச நீதிமன்றம் 2016இல் நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. நாங்கள் பார்த்த இடத்தில் ஒரு பக்கம் நெல், இன்னொரு பக்கம் ஆளுயர நாணல். நடுநடுவே கான்கிரீட் துண்டுகள். திருப்பிக் கொடுத்தபோது மம்தா கடுகு விதை தூவிய வயல்கள் இவை. டோட்டோக்காரருக்குப் பேக்டரியும் போச்சு, பாதி வயலும் போச்சு என்ற வருத்தம். இப்போது தகராறு என்றால் எங்கே போவீர்கள் என்று கேட்டேன். 2011க்கு அப்புறம் திரிணாமுல் ஆபீசுக்கு என்றார். மனு எழுதிக் கொடுக்கும் ஆள்கூடப் பழைய ஆள்தானாம்! இடது ஆட்சி விட்டுப்போனவற்றில் பதிவேட்டை விட இந்தப் பழக்கம்தான் கெட்டியாக இருக்கிறது.

திரும்பும்போது பாம் அவென்யூ வழியாக வந்தோம். 11 வருடம் முதல்வராக இருந்த புத்ததேவ் கடைசி வரை வாழ்ந்த இரண்டு அறை அரசுக் குடியிருப்பு அங்கேதான். 2024 ஆகஸ்டில் இறந்ததும் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தார்கள். ஜோதி பாசுவின் உடலும் 2010இல் அப்படித்தான் போனது. எளிமை சரி, அது நந்திகிராமுக்குப் பதில் ஆகாது என்றேன். காக்குவுக்குக் கோபம் வந்துவிட்டது. ராத்திரி மீன் குழம்பு வரை வாதம் ஓடியது.

கடைசியில் அவர் ஓட்டைப் பற்றிக் கேட்டேன். 2011இல் ஜாதவ்பூரில் புத்ததேவைத் தோற்கடித்தவர், அவரிடமே தலைமைச் செயலாளராக இருந்த மணீஷ் குப்தா. "அவருக்குத்தான் போட்டேன். வாழ்க்கையில முதல் தடவை வேற சின்னம். இவங்களுக்குத் தோக்கவும் தெரியணும்ல?" 2016இல் மறுபடி அரிவாள் சுத்தியலுக்கே திரும்பினாராம். அந்த முறை ஜாதவ்பூரில் அவர்கள் ஜெயித்தார்கள். 2021ஐப் பற்றிக் கேட்டதற்கு, இன்னும் கொஞ்சம் சோறு போடவா என்றார்.