ஹிர்யூ என்ற ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பலின் ஸீரோ போர்விமானம், 1/48 பிளாஸ்டிக் மாடல்

மே 19
ஈரப்பதம் 87. பெயின்ட் தூவும் ஏர்பிரஷ்ஷை எடுக்கவே இல்லை.

மே 20
காக்பிட். தமியா பெயின்ட்டின் எக்ஸ்எஃப்-71 பச்சையில் துளி வெள்ளை. அப்படியே அடித்தால் உள்ளே இருட்டுக்கிடங்கு. இருக்கைக்குப் பின்னால் உடலின் உட்புறம் அவோடாக்கே, துரு தடுக்கும் நீலப்பச்சைப் பூச்சு. முதலில் சில்வர், காய்ந்ததும் கிளியர் ப்ளூவும் கிளியர் கிரீனும் கலந்து மெல்லிய கோட்டுகள். அவசரப்பட்டுக் கனமாக அடித்தால் மூலைகளில் தேங்கிக் கறுத்துவிடும். உடலை ஒட்டி மூடியபின் இது யார் கண்ணிலும் படாது. இருக்கட்டும்.

மே 22
இறக்கையை டேப் போட்டுப் பொருத்திப் பார்த்ததில் வேர்ப்பகுதியில் மயிரிழை இடைவெளி. புட்டி வேண்டாம், தேய்க்கும்போது பக்கத்து ரிவெட் வரிசையும் உப்புத்தாளோடு போய்விடும். உடலுக்குள் குறுக்கே ஒரு பிளாஸ்டிக் குச்சியை முட்டுக்கொடுத்தால் போதும், பக்கச்சுவர் விரிந்து இறக்கையில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

மே 23
அந்தச் சாம்பல், விமானத்தின் வெளிநிறம். வெறும் சாம்பல் என்றால் கவலையே இல்லை. அசல் விமானங்களிலிருந்து கிடைத்திருக்கும் பழைய தகடுகளின் மேல்பூச்சு வெளிறிச் சுண்ணாம்பாகியிருக்கிறது. தேய்த்தால் அடியில் பச்சையும் மஞ்சளும் ஏறிய சாம்பல். 1942 ஏப்ரலில் கப்பல் தளத்தில் நின்ற விமானம் இதில் எந்தப் பக்கம்? எக்ஸ்எஃப்-76 சாம்பல்பச்சை பத்துத் துளிக்கு டெக் டேன் என்ற வெளிர்பழுப்பு இரண்டு. டியூப்லைட்டில் சரி. ஜன்னலோரம் கொண்டுபோனால் பாசிப்பருப்பு.

மே 24
மழை.

மே 26
டீக்கால் தாளில், அதாவது அடையாளங்களை ஒட்டும் தாளில், வால் எண் பிஐஐ-120. பின்னுடலில் இரண்டு நீலப் பட்டை, ஹிர்யூதான், அதில் சிக்கல் இல்லை. ஆனால் அந்த 120 பேர்ல் ஹார்பர் தாக்குதலன்றே, 1941 டிசம்பர் 7-இல், ஹவாயின் நீஹாவ் தீவில் இறங்கி அங்கேயே முடிந்துபோன விமானம். நான் செய்வது 1942 ஏப்ரல் 9 திருகோணமலைத் தாக்குதலில் பறந்த விமானம். சீனன்குடாவுக்கு மேலே அந்த 120 எப்படி வரும்? காகா கப்பலின் இரட்டைச் சிவப்புப் பட்டையும் ஆகாது: அது அந்தப் பயணத்திலேயே இல்லை. எண்ணை மட்டும் வெட்டி மாற்ற வேண்டும்.

மே 27
எஞ்சின் மூடிக்குக் கறுப்போடு கொஞ்சம் நீலம். வெறும் கறுப்பு பொம்மை மாதிரி இருக்கும். பின்கண்ணாடிக்கு அடியில் வரும் மேடைக்கும் இதே கலவைதான். கண்ணாடியை ஒட்டுவதற்கு முன்பே அடித்தாக வேண்டும். சூப்பர் குளூ கண்ணாடிப் பக்கமே வரக்கூடாது, ஆவி பட்டால் பனி பூத்துவிடும். ஃபெவிகால் போதும்.

மே 29
ஈரப்பதம் 61! 0.3 நாசில், 15 பிஎஸ்ஐ காற்றழுத்தம், பெயின்ட் ஒன்றுக்குத் தின்னர் ஒன்றரை. ஈரக்காற்றில் லேக்கர் தின்னர் சட்டென்று ஆவியாகி, குளிர்ந்த பரப்பில் தண்ணீர் கோத்துப் பெயின்ட் வெளுக்கும். அதனால் ஆவியாவதைத் தாமதிக்கும் ரிட்டார்டர் சில துளி. டெக் டேன் ஒன்றாகக் குறைந்தது.

மே 30
இரண்டே இருக்கட்டும்.

ஜூன் 1
பளபளப்பான கிளாஸ் கோட், அப்புறம்தான் டீக்கால். பளபளப்பில்லாத மேட் பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி பளபளக்கும். இந்தக் காலத்து ஹினோமாருவுக்கு, அந்தச் சிவப்பு வட்டத்துக்கு, வெள்ளை வளையம் கிடையாது, அதுவரை லாபம்.

ஜூன் 2
பேனல் கோடுகளுக்கு பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு) ஆயில் பெயின்ட், ஒயிட் ஸ்பிரிட்டில் கரைத்து. சக்கரக் கால் பக்கம் தேங்கவிடக் கூடாது. பெயின்ட் படாத பிளாஸ்டிக்கில் ஊறினால், அழுத்தம் இருக்கும் இடத்தில் விரிசல் விடும்.

இறக்கை ஓரத்தில் அசையும் அய்லரான், சுக்கான் எல்லாம் துணி போர்த்தியவை. உலோகத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் சாம்பலாக இருக்க வேண்டும். மறுபடியும் அதே குப்பி.

ஜூன் 4
சில்வர் பென்சிலால் பெயின்ட் உரிந்த மாதிரி கொத்த வேண்டும் என்று கை அரிக்கிறது. கூடாது. சல்லடையாக உரிந்தவை பின்னாளில் களத்திலேயே பச்சை பூசப்பட்டவை. 1942-இன் கப்பல் விமானத்தில் பூச்சு அவ்வளவு மோசமில்லை. ப்ரொப்பெல்லர் முன்பக்கம் வெறும் உலோகம், நுனியில் சிவப்புக் கோடு இரண்டு, பின்பக்கம் செம்பழுப்பு.

ஜூன் 5
காலை ஒன்பது மணி வெயிலில் சாம்பல் சரியாக இருக்கிறது. பத்தரைக்கு இல்லை. ஆன்டெனாக் கம்பி நாளைக்கு.