ஐப்பசி மழையோடு கானாடுகாத்தானில் ஒரு கேமரா நடை

செட்டிநாட்டு வீடுகளைப் படம் பிடிக்கத் தை, மாசியில் வருகிறவர்கள்தான் அதிகம். எனக்குக் கேட்டால் ஐப்பசிதான் தோது. ஓட்டில் விழும் தண்ணீர் வளவுக்குள், அதாவது வீட்டு நடுவே இருக்கிற திறந்த முற்றத்துக்குள் இறங்கி, தெருவைக் கடந்து ஊரணிக்குப் போகிற வழியே நல்ல நடைபாதை.

காலை ஆறேகாலுக்கே தெருவில் இருங்கள். கிழக்குப் பார்த்த முகப்புகளுக்கு எட்டு மணி வரைதான் நல்ல வெளிச்சம். சூரியன் தெற்கே சாய்ந்திருக்கிற மாதம் என்பதால் வடக்குப் பார்த்த முகப்பில் நாள் முழுக்க வெயில் விழாது. அவற்றை மேகம் மூடிய வேளைக்கு ஒதுக்கி வையுங்கள். மேலே இருக்கும் கஜலட்சுமி சுதைக்காகக் கேமராவை அண்ணாத்தினால் தூண்கள் உள்பக்கம் சாயும். எதிர்ச்சுவரில் முதுகு ஒட்டி நின்று, 24 மி.மீ. லென்ஸை மட்டமாகப் பிடியுங்கள். கீழ்ப்பாதியில் ரோடுதான் வரும், ஆனால் ஈர ரோட்டில் முகப்பின் நிழல் தெரியும்போது அதை வெட்டவே மனசு வராது.

பல வீடுகள் பூட்டியே கிடக்கும். காவல்காரரிடம் கேட்காமல் திண்ணையில்கூட ஏற வேண்டாம்.

உள்ளே தகராறு வெளிச்சத்தோடுதான். பட்டாலை என்கிற கூடம் இருட்டு, வளவு வெள்ளை. கேமராவை ஆட்டோ மோடில் விட்டால் இரண்டில் ஒன்று போய்விடும். ஸ்டாண்டில் வைத்து, இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) இடைவெளியில் மூன்று படம் எடுத்துச் சேர்க்கலாம். நாலு பக்கத் தாழ்வாரமும் வளவை நோக்கிச் சரிந்திருப்பதால் மழையில் தண்ணீர் நடுவில் கொட்டும். துளி துளியாக வேண்டுமென்றால் ஷட்டர் வேகம் 1/500 நொடி, நூல் நூலாக வேண்டுமென்றால் 1/15. ஈரமான ஆத்தங்குடிக் கல்லில் போலரைசர் (லென்ஸ் முன்னால் மாட்டித் திருகும் ஃபில்டர்) பளபளப்பைக் குறைத்து நிறத்தை எடுத்துக் கொடுக்கும். முழுக்கத் திருகிவிடாதீர்கள், தரையில் தெரியும் தூணின் பிம்பமும் சேர்ந்தே போய்விடும். ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தையும் அது தின்னும்.

ஏசி ரூமிலிருந்து நேரே வெளியே வந்தால் லென்ஸ் மூடுபனி பிடித்துக்கொள்ளும். துடைத்தால் திரும்பவும் படியும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்தால் போதும்.

ஊரணிக்கு மாலை ஐந்தரைக்குப் போங்கள், ஐந்தே முக்காலைத் தாண்டினால் சூரியன் போய்விடும். படியெல்லாம் பாசி. குடிநீர் ஊரணி என்றால் கால் நனைக்காமல், கரையில் நின்றே எடுங்கள்.